நீல வட்டம்

ஸர்க்கா நகரில் இரவு இரண்டு மணிக்குமேல்தான்
தெரு என்னோடு பேசும்.
அதுவரை லாரிகள், கல்யாண ஊர்வலத்தின் ஹாரன்,
மூன்றாம் மாடியில் யாரோ அணைக்க மறந்த தொலைக்காட்சி.
எல்லாம் ஓய்ந்தபின்
இரும்புத் தடியைத் தார்மேல் ஊன்றி
மறுமுனையில் காதை வைக்கிறேன்.

குழாய்க்குள் ஓடும் நீருக்கு ஒரு சத்தம்.
குழாயை விட்டு ஓடும் நீருக்கு வேறு சத்தம்:
பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சுவதுபோல,
சொல்ல வந்ததை யாரோ விழுங்கிக்கொள்வதுபோல.

பொறியாளர் சொன்னார்:
ஏற்றும் நீரில் பாதிக்குப் பக்கம் வீடு சேருவதில்லை.
மழை மெலிகிறது, கோடை நீள்கிறது,
ஆழ்கிணறு உப்புக் கரிக்கிறது.
புதிய நீருக்கு எங்கே போவது?
தொலைத்ததைத் தேடு, மய்சூன்.
சொல்லிவிட்டு ஒரு பெட்டியைக் கையில் வைத்தார்.
கடல் தாண்டி வந்த உதவி.
ஹெட்போன், சின்னத் திரை, அதில் பச்சை அலைகள்.
நல்ல கருவிதான். பொய் சொல்லாது.
பூனை நடந்தால் மட்டும் பதறும்.
தடியையும் நான் விடவில்லை.

ஒரு வியாழன் விட்டு மறு வியாழன்
பதினொரு மணி நேரம் நீர் வரும்.
அன்று தெருவில் யாருக்கும் தூக்கமில்லை.
துணி, தரை, பிள்ளைகளின் தலை,
ஊறுகாய் ஜாடி, காரின் கண்ணாடி,
கழுவ முடிந்ததெல்லாம் கழுவப்படும்.
நான்காம் மாடி உம் ஸுஹைபுக்கு மட்டும்
தொட்டியில் காற்று ஏறும்.
"அந்தக் காற்றுக்கும் மீட்டர் சுற்றுகிறதே,
மூச்சு விடவும் பில் போடுவீர்களா?" என்று
அலுவலகத்துக்குப் போன் செய்வாள்.
அவளுக்குப் பதில் சொல்ல யாருக்கும் வாய் வராது.

அதே தெருவில் ஹிக்மத்தின் பட்டறை.
சுவரும் தரையும் சேரும் வெடிப்பில் ஓர் அத்திமரம்.
யாரும் நட்டதில்லை. யாரும் ஒரு குவளை ஊற்றியதில்லை.
ஊரெல்லாம் காயும்போது அது மட்டும் பழுக்கும்.
இறைவனின் கொடை என்று
போகிறவர் வருகிறவர் பறித்துத் தின்பார்கள்.

அதன் அடியில்தான் தடி முனகியது.

எங்கள் ஊர்ப் பெயருக்கு நீலம் என்று பொருள்.
ஆற்றைப் பார்த்து வைத்த பெயராம்.
இப்போது நீலம் மிச்சமிருப்பது
என் சாய டப்பாவில்.
குலுக்கினேன். வட்டம் போட்டேன்.

ஹிக்மத் கிரீஸ் கையோடு ஓடிவந்தான்.
"ஒன்பது வருஷ நிழல், அக்கா.
காதில் விழவில்லை என்று எழுதேன்."

நிமிடத்துக்கு நான்கு லிட்டர்.
ஒரு வியாழனுக்கு இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது.
உம் ஸுஹைபின் தொட்டி இரண்டாயிரம்.
கணக்கு இவ்வளவுதான்.
கணக்கு போட்ட கை
அன்று சாப்பிடும்போதும் நீலமாகவே இருந்தது.

தோண்டினார்கள்.
குழாயின் மூட்டுக்குள் விரல் விட்டிருந்தது வேர்,
வாயில் விரல் வைத்துத் தூங்கிப்போன பிள்ளைபோல.
வெட்டினார்கள். புதுப் பட்டை இறுக்கினார்கள்.
அறிக்கையில் ஒரு கட்டம் நிரம்பியது.
அத்திக்கு அதில் கட்டமில்லை.

அடுத்த முறை நீர் வந்தபோது
உம் ஸுஹைப் போன் செய்யவில்லை.
நள்ளிரவு வரை கம்பளம் அடித்துத் துவைத்தாளாம்,
கீழ்வீட்டுக்காரன் புகார் சொன்னான்.

ஆகஸ்டில் இலைகள் மஞ்சளாயின.
ஹிக்மத் பக்கத்துப் பள்ளிவாசலில் பேசி
சுவரில் ஓட்டை போட்டான்.
தொழ வருகிறவர்கள் கைகால் கழுவும் நீரை
ரப்பர் குழாயில் மரத்தடிக்கு இறக்கினான்.
போதுமா தெரியவில்லை. ஒரு கிளை போய்விட்டது.
என் சலாமுக்கு அவன் பதில் சொல்வதில்லை.

நேற்று விடியுமுன் அந்த வழியே வந்தேன்.
பெட்டியின் திரையில் மெல்லிய பச்சை அலை.
கை தானாக டப்பாவுக்குப் போனது.
ஹெட்போனைக் கழற்றினேன்.

சுவருக்கு அப்பால் யாரோ இருமினார்கள்.
முதல் ஆள். வலது காலைக் கழுவுகிறார்.
இப்போது இடது.

டப்பாவின் மூடியை
இன்னொரு முறை அழுத்தி மூடினேன்.